பள்ளிக் கணினி இமேஜ்: ஹார்டனிங் பேட்சுகளை இன்னும் சுமக்க வேண்டுமா?

செந்தூல்_சர்வர் | கோலாலம்பூர் | திங்கள், இரவு 10.40

வணக்கம். தமிழ்ப்பள்ளிக் கணினி அறைகளுக்கும் ஒன்றிரண்டு கோயில் அலுவலகங்களுக்கும் நாம் கட்டித் தரும் டெபியன் லினக்ஸ் இமேஜ் (கணினியில் அப்படியே ஏற்றும் தயார்நிலை இயங்குதள நகல்) பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டும். டெபியன் 13-க்கு மாறும் வேலையைத் தொடங்கிவிட்டேன். 12-இல் சேர்த்து வைத்திருக்கும் ஹார்டனிங் (தாக்குபவருக்கு வேலையைக் கடினமாக்கும் கூடுதல் பாதுகாப்பு) சாமான்களை அப்படியே தூக்கிக்கொண்டு போவதா, பாதியை இங்கேயே இறக்கிவிடுவதா?

இப்போது நாம் பார்த்துக்கொள்பவை: லினக்ஸ்-ஹார்டன்ட் என்ற பாதுகாப்புப் பேட்ச் (மூலநிரலில் செய்யும் மாற்றத் தொகுப்பு) போட்டு நாமே கம்பைல் செய்யும் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு. கம்பைலருக்குக் கூடுதல் ஃபிளாக்குகள் (தேர்வுகள்) கொடுத்துத் திரும்பக் கட்டும் ஒரு மூட்டை பேக்கேஜ் (பிடிஎஃப் வியூவர், எழுத்துரு லைப்ரரிகள், அச்சுக்கான கப்ஸ், கோப்புப் பகிர்வுக்கான சாம்பா). பின்னணிச் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டியில் நாம் எழுதிய கட்டுப்பாடுகள். அப்புறம் கர்னலின் நடத்தையை மாற்றும் சிஸ்கன்ட்ரோல் அமைப்புகள்.

உயிரை எடுப்பது கர்னல்தான். டெபியன் பாதுகாப்புத் திருத்தம் விடும்போதெல்லாம் நம் பேட்ச் எங்கேயாவது முட்டும். அதைச் சரிசெய்து, கட்டி, சோதித்து வெளியே விடுவதற்குள் அவர்கள் அடுத்ததை விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி முழுக்கப் பள்ளிக் கணினிகள் தெரிந்த ஓட்டையோடு ஓடுகின்றன. கூட இருந்தவர்களில் ஒருவர் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார், இன்னொருவர் வீட்டில் கைக்குழந்தை. நான் ஒருவன்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். கருத்து சொல்லுங்கள்.

சும்மா_பார்க்க | கெப்போங் | திங்கள், இரவு 11.05

புரியாமல் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் ஸ்க்ராட்ச் போடுகிறார்கள், யூடியூப் பார்க்கிறார்கள். அந்தக் கணினியை யார் வந்து உடைக்கப் போகிறார்கள்? வங்கிக்குச் செய்யும் வேலையைப் பள்ளிக்கூடத்துக்குச் செய்கிறோமோ என்று தோன்றுகிறது.

கட்டளைவரி_அக்கா | பிரிக்ஃபீல்ட்ஸ் | செவ்வாய், காலை 7.20

தம்பி, யார் வருவார்கள் என்பதை விடுங்கள். என்னென்ன கோப்பு உள்ளே வருகிறது என்று பாருங்கள். ஆசிரியர் ஒருவர் பழைய வினாத்தாளைத் திறக்க வேண்டும் என்று பாமினி எழுத்துருவை எங்கிருந்தோ இறக்குவார். இன்னொருவர் பென்டிரைவில் யாரோ கொடுத்த எழுத்துரு மூட்டையை அப்படியே கொண்டுவருவார். தமிழ்க் கணினி வைத்திருப்பவர்களில் முன்பின் தெரியாத எழுத்துருவை நிறுவாதவர் யார்?

அந்த எழுத்துருவைப் பிரித்துப் படிப்பது ஃப்ரீடைப் லைப்ரரி. 2025 மார்ச்சில் வந்த சிவிஇ-2025-27363 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) அதில்தான். மாறுபடும் எழுத்துருக்களைப் பிரிக்கும் இடத்தில் ஒரு எண்ணைத் தவறான வகையில் எடுத்துக்கொண்டு, தேவையைவிடச் சின்ன இடத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கு வெளியே போய் எழுதும். 2.13.0 வரை இருந்த பதிப்புகளில் இருந்தது; டெபியன் 12-இல் இருந்தது 2.12.1. யாரோ ஏற்கெனவே இதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடுதான் அறிவிப்பே வந்தது.

ஹார்டனிங் இந்தப் பிழையைத் திருத்தாது. பிழை கையில் கிடைத்தவனுக்கு அடுத்த அடி எடுத்து வைக்க இன்னொரு பிழை தேவைப்படும்படி செய்யும். திருத்தம் வந்து சேரும் நாள்வரை நமக்கு இருப்பது அதுதான்.

செந்தூல் சார், உங்கள் கேள்விக்கு இரவு எழுதுகிறேன். இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

பழைய_பெங்குவின் | ஜார்ஜ்டவுன் | செவ்வாய், மாலை 6.15

கர்னலை விட்டுவிடு தம்பி. நான் ஜென்டூ ஹார்டன்ட் என்ற லினக்ஸ் வெளியீட்டை ஓட்டிய காலத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கர்னலுக்கான பாக்ஸ் என்ற பாதுகாப்புப் பேட்ச் 2000-இல் வந்தது. நிரல் நினைவகத்தில் உட்காரும் முகவரிகளை ஊகிக்க முடியாதபடி கலைத்துப்போடும் ஏஎஸ்எல்ஆர் 2001-இல் அவர்கள் செய்ததுதான். அதைச் சுற்றி ஜிஆர்செக்யூரிட்டி வளர்ந்தது. அதன்மேல் ஜென்டூ, ஆல்பைன் என்று பலர் வீடு கட்டினார்கள். 2017 ஏப்ரலில் பொதுவில் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அது அவர்கள் உழைப்பு, அவர்கள் உரிமை, குறை சொல்ல நான் யார்? ஆனால் அதே ஆண்டில் ஜென்டூவின் ஹார்டன்ட் கர்னலும் போயிற்று. பக்கத்து வீட்டுக் கிணற்றை நம்பித் தோட்டம் போட்ட கதை.

இதற்கு எதிர்த்திசையில் நடந்ததையும் பார். கீஸ் குக் 2015 நவம்பரில் கர்னல் தற்காப்புத் திட்டத்தை அறிவித்தார். தனி பேட்ச் மூட்டை வேண்டாம், எல்லாவற்றையும் துண்டு துண்டாக லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கர்னல் மரத்துக்குள்ளேயே (மெயின்லைன்) கொண்டு போவோம் என்பதுதான் பேச்சு. ஆமை வேகம். அளவு மாறும் அரேக்களைக் கர்னல் முழுக்கத் தேடிப் பிடித்து ஒழிக்க 2018 ஆகிவிட்டது. நினைவகத்தைக் கொடுக்கும்போதே பூஜ்யமாக்கும் வசதி 5.3-இல், 2019-இல் வந்தது. ஆனால் உள்ளே போனது போனதுதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கை வைப்பவர் அதை உடைக்காமல் வைக்க வேண்டும். அது உன் தலைவலி இல்லை.

நீ சுமக்கும் பேட்சில் எது எது இன்று மெயின்லைனிலேயே ஓர் அமைப்பாகக் கிடைக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தாயா?

முள்மீன் | பட்டர்வொர்த் | செவ்வாய், இரவு 9.30

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓபன்பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தை ஓட்டுகிறவன் என்பதால் ஒருதலையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கர்னல், சி லைப்ரரி, அடிப்படைக் கருவிகள் எல்லாம் ஒரே மரத்தில் இருக்கின்றன. எழுதவும் ஓட்டவும் ஒரே நேரத்தில் முடிகிற நினைவகப் பக்கம் கூடாது என்ற விதி 2003-லேயே வந்துவிட்டது. 2016-இல் 6.0 வெளியானபோது அதை மீறும் நிரலைக் கர்னலே தடுக்கத் தொடங்கியது. விலக்கு வேண்டுமென்றால் அந்த பைனரியில் ஒரு குறி போட்டிருக்க வேண்டும், அது இருக்கும் கோப்பு முறைமையையும் அனுமதி கொடுத்து ஏற்றியிருக்க வேண்டும். இரண்டு இடத்தில் எழுத்தில் இருந்தால்தான் விலக்கு. ஆறு மாதம் கழித்து வருகிறவர், எது எதற்கு விலக்கு இருக்கிறது என்று ஒரே தேடலில் பார்த்துவிடலாம்.

நம் இமேஜில் எந்தச் சேவைக்கு எந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினோம், ஏன் தளர்த்தினோம் என்பது செந்தூல் அண்ணன் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அவரும் சிங்கப்பூர் போய்விட்டால்?

செந்தூல்_சர்வர் | கோலாலம்பூர் | செவ்வாய், இரவு 9.48

போகவில்லை லா, கவலைப்படாதீர்கள். ஆனால் சொன்னது சரி. விலக்குகள் அங்கங்கே சிதறித்தான் கிடக்கின்றன.

பிறை32 | பிறை, பினாங்கு | செவ்வாய், இரவு 11.50

நான் பள்ளிக்கூடத்து ஆள் இல்லை, தொழிற்சாலைப் பக்கம். சோதனைக் கருவிகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 32 பிட் பெட்டிகள் சில என் பொறுப்பில் இருக்கின்றன. கருவிக்கு விலை அதிகம், பெட்டியை மாற்றினால் கார்டு பேசாது, அதனால் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் இமேஜின் 32 பிட் வடிவத்தைத்தான் ஓட்டுகிறேன், அதனால் இங்கே வந்து எழுதுகிறேன்.

எல்லோரும் எதைச் சுமப்பது, எதை இறக்குவது என்று பேசுகிறீர்கள். போட்டு வைத்தது இன்னும் வேலை செய்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

ஏஎஸ்எல்ஆர் கதையையே எடுத்துக்கொள்வோம். கர்னல் 5.18 வந்தது 2022-இல். பெரிய கோப்புகளை வேகமாக ஏற்றுவதற்காக, 2 எம்பிக்கு மேல் இருக்கும் லைப்ரரிகளை 2 எம்பி எல்லையில் உட்கார வைக்கத் தொடங்கினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் 4 கேபி எல்லையில் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம் என்று இருந்ததை 2 எம்பி எல்லைக்குத் தள்ளினால் கலைத்துப்போடும் பிட்டுகளில் 9 போய்விடும். 64 பிட்டில் 28 இருந்தது 19 ஆனது. சரி, தாங்கும். 32 பிட்டில் மொத்தமே 8 பிட்தான் இருந்தது. 8-இல் 9 போனால் என்ன மிச்சம்? ஏறக்குறைய எல்லா நிரலும் பயன்படுத்தும் சி லைப்ரரி 2 எம்பியைத் தாண்டிய வெளியீடுகளில் அது ஒரே இடத்தில், மிஞ்சினால் இரண்டு இடத்தில் போய் உட்கார்ந்தது.

ஏஎஸ்எல்ஆர் அமைப்பு 2, அதாவது முழுமையாக இயங்குகிறது என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. தணிக்கைப் பட்டியலில் டிக் விழுந்துகொண்டிருந்தது. 2024 ஜனவரியில் ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

எண்ணிப் பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. ப்ராக் கோப்பு முறைமையில் செல்ஃப் அடைவுக்குள் மேப்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதைத் திரும்பத் திரும்பத் திறந்து சி லைப்ரரியின் தொடக்க முகவரியைப் பாருங்கள். பதினாறடிமானத்தில் எழுதிய அந்த முகவரியின் கடைசி மூன்று இலக்கம் எப்போதும் பூஜ்யமாக இருக்கும், பக்க அளவு 4 கேபி என்பதால். கடைசி ஐந்தும் எப்போதும் பூஜ்யமாக வந்தால் அது 2 எம்பி எல்லையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என் பெட்டி ஒன்றில் பார்த்தபோது முகவரி அசையவே இல்லை.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜூலையில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் நிரலின் ஓட்டையை நினைவிருக்கிறதா, சிவிஇ-2024-6387? அவர்கள் செய்து காட்டியது 32 பிட் லினக்ஸில். சரியான கணத்தில் முட்ட வேண்டிய பந்தயத்தில் ஜெயிக்கச் சராசரியாக 10,000 முயற்சி. 120 வினாடிக்கு 100 இணைப்பு என்றால் மூன்று நான்கு மணி நேரம். டெபியன் 12 பெட்டியில் சி லைப்ரரி இரண்டே முகவரிகளில் ஒன்றில்தான் இருந்ததால், ஊகம் பாதிக்குப் பாதி சரியாக விழும். ஆக ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் ரூட், அதாவது முழு நிர்வாகி உரிமை. அந்த 8 பிட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் 256 இடங்கள். அதே கணக்கைத் தோராயமாகப் போட்டால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு மாதம் ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் லாக் பார்க்காத ஆளுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

32 பிட்டுக்கான கர்னல் திருத்தம் 2024 தொடக்கத்தில் வந்தது. வந்து சேர்ந்ததா என்று கர்னல் பதிப்பு எண்ணை வைத்து நான் நம்புவதில்லை, முகவரியை எண்ணித்தான் நம்புகிறேன்.

பழைய_பெங்குவின் | ஜார்ஜ்டவுன் | புதன், காலை 8.10

நல்ல பதிவு. அந்த எஸ்எஸ்எச் ஓட்டையே ஒரு பராமரிப்புக் கதைதான். 2006-இல் சிவிஇ-2006-5051 என்று கண்டுபிடித்து மூடியது. 2020 அக்டோபரில் லாக் எழுதும் பகுதியைச் சீரமைத்தபோது, பாதுகாப்புக்காக வைத்திருந்த ஒரு நிபந்தனை வரி தெரியாமல் போய்விட்டது. 8.5பி1-இலிருந்து 9.7பி1 வரை திறந்தே கிடந்தது. ஓபன்பிஎஸ்டிக்குப் பாதிப்பில்லை, ஏனென்றால் சிக்னலுக்குள்ளிருந்து கூப்பிட்டாலும் பழுதில்லாத சிஸ்லாக் அவர்களிடம் 2001-இலிருந்தே இருக்கிறது. முள்மீன் தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கட்டளைவரி_அக்கா | பிரிக்ஃபீல்ட்ஸ் | புதன், இரவு 9.15

நேற்று எழுத முடியவில்லை. பிறைக்காரர் பிடித்த நூலைத்தான் நானும் பிடிக்கிறேன். தானாக அணைந்துபோன பாதுகாப்பு சத்தம் போடாது. உடைந்த அச்சுப்பொறிக்கு ஆசிரியர் போன் செய்வார், அணைந்த சாண்ட்பாக்ஸுக்கு (நிரலை அடைத்து வைக்கும் கூண்டு) யாரும் செய்யமாட்டார்கள்.

2024 பிப்ரவரியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலுக்குள் ஒளித்து வைத்த பின்கதவு எல்லோருக்கும் தெரியும். அதில் பலர் கவனிக்காத ஒரு மூலை இருக்கிறது. அதே ஜியா டான் என்ற பெயரில், அதே பிப்ரவரியில், நிரலைக் கட்டும் சிமேக் கருவிக்கான கோப்பில் ஒரு மாற்றம் போயிற்று. லேண்ட்லாக் சாண்ட்பாக்ஸ் இந்தக் கணினியில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குட்டி சி நிரலைக் கம்பைல் செய்து பார்ப்பார்கள். அந்த நிரலுக்குள் ஒரு வரியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி. வேறொன்றும் இல்லை. புள்ளி இருப்பதால் நிரல் கம்பைல் ஆகாது. ஆகவில்லை என்றால் "இந்தக் கணினியில் லேண்ட்லாக் இல்லை போலிருக்கிறது" என்று பில்ட் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். திரையில் அந்த மாற்றத்தைப் பார்த்தால் தூசு ஒட்டியிருக்கிறதோ என்று துடைக்கத் தோன்றும்.

முள்மீன் | பட்டர்வொர்த் | புதன், இரவு 9.40

அக்கா, அந்தப் புள்ளி சிமேக் வழியில் கட்டுபவர்களுக்கு மட்டும்தான். பெரும்பாலான வெளியீடுகள் ஆட்டோடூல்ஸ் என்ற இன்னொரு வழியில்தான் கட்டின. நடைமுறையில் சேதம் குறைவு.

கட்டளைவரி_அக்கா | பிரிக்ஃபீல்ட்ஸ் | புதன், இரவு 10.05

சரிதான். நான் சொல்ல வந்தது வழிமுறையை. "இருந்தால் போடு, இல்லாவிட்டால் விடு" என்று தானாகக் கண்டுபிடிக்கும் எந்த வசதியும் இப்படி அணையலாம், யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. கட்டும்போது "இது கட்டாயம் வேண்டும்" என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டால், இல்லாதபோது பில்ட் நின்றுவிடும். நின்றால் நமக்குத் தெரியும்.

ஃபிளாக்குகளும் அப்படித்தான். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுவதைப் பிடிக்கும் ஃபோர்ட்டிஃபை சோர்ஸ், கம்பைலரின் ஆப்டிமைசேஷன் இல்லாமல் வேலை செய்யாது. ஒரு பேக்கேஜின் மேக்ஃபைல் நாம் கொடுத்த ஃபிளாக்குகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொண்டால், டெபியன் விதிக் கோப்பில் நீங்கள் என்ன எழுதியும் பலன் இல்லை. அதனால்தான் பில்ட் லாகைப் படிக்க ஒரு கருவி, கட்டி முடித்த பைனரியைப் பார்க்க ஹார்டனிங்-செக் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

இனி செந்தூல் சாருக்கு. எந்த முகவரியிலும் உட்காரக்கூடிய பொசிஷன் இண்டிபெண்டன்ட் பைனரி டெபியன் 9-இலிருந்து, அதாவது 2017-இலிருந்து இயல்பாகவே வருகிறது. ஸ்டாக் ப்ரொடெக்டரும் இயல்பு. நாம் திரும்பக் கட்டுவதில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் பைண்ட்-நௌ மட்டும். தொடங்கும்போதே எல்லா இணைப்புகளையும் முடித்து அந்த அட்டவணையைப் படிக்க மட்டும் என்று பூட்டுவது. நல்லதுதான். ஆனால் அந்த ஒன்றுக்காக சாம்பாவுக்கு டெபியன் திருத்தம் விடும்போதெல்லாம் நாம் ஒரு சுற்று பின்தங்குகிறோம். அது விதிக் கோப்பில் ஒரே வரி. டெபியன் மெயின்டெய்னருக்கு அந்த வரியை அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால் உலகத்துக்கே போகும், நமக்கும் சும்மா கிடைக்கும். மறுத்தால் காரணம் சொல்வார், அதுவும் லாபம்தான்.

சும்மா_பார்க்க | கெப்போங் | புதன், இரவு 10.30

அப்படியானால் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் டெபியன் போதும் என்கிறீர்களா அக்கா?

கட்டளைவரி_அக்கா | பிரிக்ஃபீல்ட்ஸ் | புதன், இரவு 10.52

இல்லை. சிஸ்டம்டி கட்டுப்பாடுகளை விடமாட்டேன். அவை வெறும் எழுத்துக் கோப்புகள், கம்பைல் இல்லை, டெபியன் திருத்தம் வந்தால் முட்டாது. ஆனால் அங்கேயும் ஆள் பார்க்க வேண்டும். கோயில் அலுவலகம் ஒன்றில் பிஎச்பி சேவைக்கு, எழுதி ஓட்டும் நினைவகத்தைத் தடுக்கும் வரியைப் போட்டோம். மறுநாள் அர்ச்சனைச் சீட்டின் தலைப்பில் சாமி பெயருக்கு மேலே ஜேஐடி (ஓடும்போதே இயந்திரக் குறியீட்டை உருவாக்கி வேகப்படுத்தும் வசதி) நினைவகம் கிடைக்கவில்லை என்ற ஆங்கில எச்சரிக்கை அச்சாகி வந்தது. குருக்கள் அதை எனக்கு வாட்சாப்பில் அனுப்பினார்.

அங்கிருந்த தொண்டர் உடனே அந்தப் பாதுகாப்பு வரியையே நீக்கப் பார்த்தார். வேண்டியது அது இல்லை. பிஎச்பி அமைப்பில் பிசிஆர்இ ஜேஐடியை பூஜ்யம் ஆக்கினால் போதும், எச்சரிக்கை வாசகமே அந்த வழியையும் சொல்கிறது. சீட்டு அடிக்கும் நிரலுக்கு ஜேஐடி வேகம் எதற்கு?

இதற்கு நேர்மாறானது யூசர் நேம்ஸ்பேஸ், சாதாரணப் பயனரும் தனி எல்லைக்குள் நிர்வாகி போல இயங்க வழிசெய்யும் கர்னல் வசதி. நம் ஹார்டன்ட் கர்னல் அதைச் சாதாரணப் பயனருக்கு மூடி வைத்திருக்கிறது. டெபியன் 11-இலிருந்து அதைத் திறந்துதான் வைக்கிறது. மூடியதால் என்ன ஆயிற்று? குரோமியம் உலாவியை அடித்தளமாகக் கொண்ட எலெக்ட்ரானில் கட்டிய பாடச் செயலி திறக்கவில்லை. பள்ளியில் போய்ப் பார்த்தால் மேசைத்திரை ஐகானைத் திருத்தி, இயக்கும் கட்டளைக்குப் பின்னால் "சாண்ட்பாக்ஸ் வேண்டாம்" என்ற தேர்வைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கர்னலைக் காக்கப் போய் இணையப் பக்கம் திறக்கும் நிரலின் சாண்ட்பாக்ஸை நாமே கழற்ற வைத்துவிட்டோம். இந்தப் பேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய_பெங்குவின் | ஜார்ஜ்டவுன் | வியாழன், காலை 7.45

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை அம்மா. சாதாரணப் பயனருக்கு நேம்ஸ்பேஸ் திறந்திருப்பதால்தான் கர்னலின் பாதி ஓட்டைகளுக்கு வழி கிடைக்கிறது. உபுண்டு 24.04-இல் ஆப்ஆர்மர் என்ற அனுமதிக் காவலை வைத்து, பெயர் சொல்லி அனுமதித்த நிரலுக்கு மட்டும் திறக்கிறார்கள். அந்த வழி சரி.

முள்மீன் | பட்டர்வொர்த் | வியாழன், காலை 8.20

ஐயா, 2025 மார்ச்சில் அதற்கும் குவாலிஸ் மூன்று குறுக்குவழி காட்டிவிட்டார்கள்.

பழைய_பெங்குவின் | ஜார்ஜ்டவுன் | வியாழன், காலை 8.31

காட்டட்டுமே. காட்டினால் மூடலாம். திறந்தே கிடப்பதில் மூட என்ன இருக்கிறது? ஆனால் அந்த ஆப்ஆர்மர் பட்டியலைப் பராமரிக்கச் செந்தூலுக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இந்த இமேஜுக்கு அக்கா சொல்வதே நடக்கட்டும். என் பெட்டியில் மூடித்தான் வைப்பேன்.

செந்தூல்_சர்வர் | கோலாலம்பூர் | சனி, மாலை 4.10

நேற்றும் இன்றும் உட்கார்ந்து பார்த்தேன். 13-க்கு இப்படிப் போகிறேன்.

கர்னல் டெபியனுடையதே, 6.12. நம் பேட்சில் இருந்தவற்றில் மெயின்லைனில் கிடைப்பதைத் துவக்க அளவுருவாகவும் சிஸ்கன்ட்ரோலாகவும் போட்டாயிற்று. கிடைக்காததை விட்டுவிட்டேன், மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. முகவரிகளைக் கலைக்கும் எம்மேப் பிட்டுகளை 32-க்கு உயர்த்தினேன். நிரல் எழுதுபவர்கள் கவனிக்க: பழைய ஆட்ரஸ் சானிடைசர் (நினைவகப் பிழை பிடிக்கும் கருவி) இதில் விழுந்துவிடும், அந்தக் கணினியில் மட்டும் 28-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பக் கட்டும் பேக்கேஜ்கள் நின்றன. ஒற்றை வரித் திருத்தங்களை டெபியனுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டேன். சிஸ்டம்டி கட்டுப்பாடுகள் இருக்கும். விலக்கு எல்லாம் இனி ஒரே கோப்பில், காரணமும் பெயரும் தேதியும் எழுதினால்தான் பில்ட் ஏற்றுக்கொள்ளும்.

புதிதாகச் சேர்ந்தது சோதனை. இமேஜ் கட்டி முடிந்ததும் அதை ஒரு மெய்நிகர் கணினியில் ஏற்றி, பிறைக்காரர் சொன்னபடி முகவரிகளை எண்ணும், ஹார்டனிங்-செக் ஓட்டும், எலெக்ட்ரான் செயலி சாண்ட்பாக்ஸோடு திறக்கிறதா என்று பார்க்கும். சிவப்பு வந்தால் இமேஜ் வெளியே போகாது.

பிறை32 | பிறை, பினாங்கு | சனி, மாலை 5.00

நல்லது அண்ணே. எங்கள் 32 பிட் கதை?

செந்தூல்_சர்வர் | கோலாலம்பூர் | சனி, மாலை 5.20

13-இல் 32 பிட்டுக்கு டெபியன் கர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அதுவரை பழைய இமேஜை இதே சோதனையோடு விடுவேன். உங்கள் பெட்டிகளைத் தனி நெட்வொர்க்கில் வைத்து, எஸ்எஸ்எச்சை ஒரே கணினியிலிருந்து மட்டும் திறங்கள். கருவிக்காரரிடம் 64 பிட் கார்டுக்கு இப்போதே விலை கேட்டு வையுங்கள்.

அக்கா, ஒரே ஒரு சிவப்பு பாக்கி. கப்ஸின் குட்டி பைனரி ஒன்றில் ஃபோர்ட்டிஃபை இல்லை என்கிறது. ஃபிளாக் கம்பைலருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, லாகில் பார்த்தேன்.

கட்டளைவரி_அக்கா | பிரிக்ஃபீல்ட்ஸ் | சனி, இரவு 9.35

பிரித்துப் பார்த்தேன். அதில் இருப்பது நினைவகத்தை நகலெடுக்கும் ஒரே ஒரு மெம்காப்பி அழைப்பு. அளவு நிலையானது என்பதால் தாண்டாது என்று கம்பைலரே கணித்துச் சாதாரண மெம்காப்பியாக விட்டிருக்கிறது. ஓட்டை இல்லை. விலக்குக் கோப்பில் காரணத்தோடு சேர்த்துவிட்டேன், ஓட்டிப் பாருங்கள்.